ஆப்ஷன் அதிகமானால் குழப்பமும் அதிகமாவது ஏன்? இன்ஜினீயரிங் சாய்ஸ் லிஸ்ட் சொல்லும் பாடம்

மதிய சாப்பாட்டுக்கு ஆப்பைத் திறக்கிறீர்கள். பிரியாணி என்று தேடினாலே நாற்பது, ஐம்பது கடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ரேட்டிங் பார்த்து, டெலிவரி நேரம் பார்த்து, கூப்பன் போட்டுப் பார்த்து, இருபது நிமிஷம் கழித்து போன வாரம் வாங்கிய அதே கடையில் அதே பிரியாணியை ஆர்டர் செய்கிறீர்கள். ராத்திரி ஓடிடியில் படம் தேடும்போதும் இதே கதைதான். எந்தப் படம் என்று முடிவு செய்வதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது.

இதிலெல்லாம் வீணாவது அரை மணி நேரம் மட்டும்தான். ஆனால் இதே குழப்பம், நான்கு வருஷப் படிப்பைத் தீர்மானிக்கும் இடத்தில் வந்தால்?

தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ முடித்த லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வின் சாய்ஸ் ஃபில்லிங் பக்கத்தைத்தான் சொல்கிறோம். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பாடப்பிரிவுகள். எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு கிடையாது. கையில் இருப்பது சில நாட்கள் மட்டுமே.

ஆப்ஷன்கள் குவிந்து கிடக்கும்போது மனசுக்குள் என்ன நடக்கிறது, அதை எப்படிச் சமாளிப்பது என்று புரிந்துகொள்ள நம்மூரில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். அதை வைத்தே பார்ப்போம்.

மேல்மலையனூரில் இருந்து பார்த்தால்...

விழுப்புரம் மாவட்டத்தின் மேல்மலையனூர், அங்காளம்மன் கோயிலால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர். அமாவாசை இரவு நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்கு வெளியூர்களில் இருந்து சிறப்புப் பேருந்துகள் வந்து நிற்கும். கூட்டம் கலைந்து பஸ்கள் திரும்பிய பிறகு, விவசாயத்தை நம்பி வாழும் கிராமங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சாதாரண வட்டத் தலைமையிடம் அது.

அந்த வட்டாரத்தில் அரசுப் பள்ளியில் படித்த ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகப்போவது அவள்தான். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கியாச்சு. கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு என 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணும் சுமாராக இருக்கிறது. தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. இப்போது அப்பாவின் போனில் கல்லூரிகளின் பட்டியலைத் திறக்கிறாள்.

சென்னை கிண்டி, கோவை, மதுரை, விழுப்புரம், திண்டிவனம், ஆரணி என்று எல்லாமே ஒரே எழுத்தளவில், ஒரே வரிசையில் வருகின்றன. பஸ் பிடித்துப் போய்வரும் தூரத்தில் உள்ள கல்லூரியும், ராத்திரி முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய கல்லூரியும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆரணியிலும் இருப்பவை அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் என்பதே பல வீடுகளில் அந்த நேரத்தில்தான் தெரியவரும்.

இதற்கிடையில் ஆளுக்கொரு யோசனை. "கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேற எதுவும் போடாதே" என்கிறார் சென்னையில் இருக்கும் மாமா. "சிவில், மெக்கானிக்கல் எடுத்தா அரசு வேலைக்குப் போகலாம்" என்கிறார் சார். "இந்த காலேஜ்ல பிளேஸ்மென்ட் சூப்பர்மா" என்கிறார் பிரவுசிங் சென்டர் அண்ணன். போதாததற்கு ஏதேதோ கல்லூரிகளில் இருந்து தினமும் நாலு போன். கடைசியில் பல வீடுகளில் என்ன நடக்கும் தெரியுமா? "நீங்களே பார்த்துப் போட்டு விடுங்கண்ணா" என்று யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

ஆப்ஷன்கள் அதிகமாவதில் இருக்கும் நிஜமான ஆபத்து இதுதான். குழம்பிப்போன மனசு, முடிவெடுக்கும் உரிமையையே தூக்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறது.

முன்பு இந்தக் குழப்பம் இல்லையா?

2017 வரை கலந்தாய்வு நேரில்தான் நடந்தது. மாணவரும் பெற்றோரும் சென்னைக்குப் பஸ் ஏறி, கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு வர வேண்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது என்பது அங்கே திரையில் ஓடும். தரவரிசைப்படி கூப்பிடும்போது உள்ளே போய், அந்த நிமிஷம் காலியாக இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வர வேண்டும்.

அலைச்சல் அதிகம், செலவு அதிகம், பதற்றமும் அதிகம். ஆனால் எடுக்க வேண்டியது ஒரே ஒரு முடிவு: இருப்பதில் எது?

2018-ல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. சென்னைப் பயணம் மிச்சம். ஆனால் கேள்வி மாறிவிட்டது. நம் முறை வரும்போது எது மிச்சம் இருக்கும் என்று தெரியாமலே, எல்லாவற்றையும் முன்கூட்டியே வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அன்றைக்குக் கேட்டது ஒரு பதில், இன்றைக்குக் கேட்பது ஒரு வரிசை. நமக்கு என்ன பிடிக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தால்தான் அந்த வரிசையைப் போட முடியும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

24 ஜாம் பாட்டில்களின் கதை

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகிய இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் ஜாம் ருசி பார்க்க ஒரு மேஜை போட்டார்கள். சில நேரம் 24 வகை ஜாம், சில நேரம் 6 வகை மட்டும்.

24 வகை இருந்தபோது அந்தப் பக்கம் வந்தவர்களில் 60 சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள். 6 வகை இருந்தபோது நின்றவர்கள் 40 சதவீதம்தான். ஆனால் நின்றவர்களில் வாங்கியவர்கள் எத்தனை பேர்? 24 வகைக்கு 3 சதவீதம், 6 வகைக்கு 30 சதவீதம். அதாவது நிறைய ஆப்ஷன் ஆட்களை இழுத்தது, ஆனால் முடிவெடுக்க விடவில்லை. 2000-ல் இந்த ஆய்வு வெளியானது. 2004-ல் பாரி ஷ்வார்ட்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் இதே விஷயத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். 'ஆப்ஷன் அதிகமானால் ஆபத்து' என்பது பொதுப்புத்தியாகவே மாறிப்போனது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான். 2010-ல் பெஞ்சமின் ஷைபஹென்னே தலைமையிலான குழு, இதுபோன்ற 50 பரிசோதனைகளைச் சேர்த்து அலசியது. சராசரியாகப் பார்த்தால் விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம்! சில ஆய்வுகளில் ஆப்ஷன் அதிகமானபோது குழப்பம் கூடியது, சிலவற்றில் திருப்திதான் கூடியது.

அப்படியென்றால் எப்போது குழம்புகிறோம்? 2015-ல் அலெக்ஸாண்டர் செர்னெவும் சக ஆய்வாளர்களும் இன்னொரு பெரிய அலசலில் இதற்கு விடை தேடினார்கள். எண்ணிக்கையைவிட நான்கு விஷயங்கள் முக்கியம் என்றார்கள்:

• முடிவெடுக்கும் சூழல் கடினமாக இருப்பது: நேரம் குறைவு, நெருக்கடி அதிகம்.

• ஆப்ஷன்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது சிக்கலாக இருப்பது.

• நமக்கு எது வேண்டும் என்று நமக்கே தெளிவாகத் தெரியாமல் இருப்பது.

• சும்மா பார்த்துவைப்பது இல்லாமல், கண்டிப்பாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை.

நம் மேல்மலையனூர் மாணவிக்கு இந்த நான்கும் பொருந்துகின்றன. சில நாட்கள்தான் அவகாசம். கட்டணம், தூரம், பாடப்பிரிவு, தேர்ச்சி விகிதம் எல்லாம் வேறு வேறு அளவுகோல்கள். இன்ஜினீயராக வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. முடிவோ எடுத்தே ஆக வேண்டும். அப்பா, அம்மா இருவரும் இன்ஜினீயர்களாக இருக்கும் சென்னை வீட்டுப் பையனுக்கும் அதே 400 கல்லூரிகள்தான். ஆனால் அவன் குழப்பம் குறைவு, ஏனென்றால் அவன் வீட்டு டைனிங் டேபிளிலேயே ஒரு வரிசை முன்பே தயாராகிவிட்டது.

கல்லூரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீராது. ஒரு தலைமுறைக்கு முன்பு கிராமத்துப் பெண்களுக்கு ஆப்ஷன் குறைவாகத்தான் இருந்தது, அந்தக் 'குழப்பமில்லாத' காலத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. இன்று 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டம் மூலம் பொறியியலுக்கும் அது வந்தது. அதில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதெல்லாம் சேர்ந்துதான் அந்த நீளமான லிஸ்ட் அவள் கைக்கு வந்திருக்கிறது. எனவே லிஸ்ட் நீளமாகவே இருக்கட்டும். அவளிடம் ஒரு வரிசை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டர் உங்கள் லிஸ்ட்டை எப்படிப் படிக்கிறது?

சாய்ஸ் ஃபில்லிங்கில் அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான்: "கிடைக்காத காலேஜை முதல்ல போட்டா, நம்ம சான்ஸ் வீணாகிடுமோ?"

ஆகாது. காரணம் எளிமையானது.

கம்ப்யூட்டர் தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொள்ளும். உங்கள் முறை வரும்போது உங்கள் லிஸ்ட்டின் முதல் வரியைப் பார்க்கும். இட ஒதுக்கீட்டு விதிகளின்படி உங்களுக்குரிய இடம் அங்கே இருக்கிறதா? இருந்தால் அதைத் தரும். இல்லையென்றால் இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று இறங்கிக்கொண்டே போகும். உங்களை முடித்த பிறகுதான் அடுத்த ரேங்க்காரரிடம் போகும்.

ஒரு உதாரணம். மாணவியின் லிஸ்ட்டில் முதலில் கிண்டி, இரண்டாவது விழுப்புரம், மூன்றாவது திண்டிவனம் என்று வைத்துக்கொள்வோம். கிண்டியில் இடம் இல்லை. அதற்காக விழுப்புரத்துக்கான வரிசையில் அவள் பின்னால் தள்ளப்படுவது கிடையாது. அவளுடைய ரேங்க் அதேதான். கிண்டியை முதலில் போட்டதால் அவள் இழந்தது எதுவும் இல்லை. மாறாக, பயந்துபோய் விழுப்புரத்தை முதலில் போட்டு, கிண்டியை இரண்டாவதாகப் போட்டால்? கிண்டியில் இடம் இருந்தாலும் விழுப்புரம்தான் கிடைக்கும். கம்ப்யூட்டர் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன.

ஒன்று, உண்மையிலேயே எது அதிகம் பிடிக்கிறதோ அதை மேலே போடுவதுதான் லாபம். 'சாமர்த்தியமாக' வரிசையை மாற்றத் தேவையில்லை.

இரண்டு, லிஸ்ட் நீளமாக இருப்பதால் நஷ்டம் இல்லை. குட்டியாக இருப்பதுதான் ரிஸ்க். பத்து மட்டும் போட்டு, பத்திலும் இடம் இல்லையென்றால் அந்தச் சுற்றில் எதுவும் கிடைக்காது.

மூன்று, கிடைத்தாலும் சேர மாட்டேன் என்று தோன்றும் கல்லூரியை சும்மா லிஸ்ட்டை நிரப்புவதற்காகப் போடக் கூடாது. கம்ப்யூட்டருக்கு 'சும்மா' என்பது தெரியாது.

400-ஐ எப்படி வரிசைப்படுத்துவது?

முதல் வேலை, போனைக் கீழே வைப்பது. லிஸ்ட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு பேப்பரில் சில கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஹாஸ்டலில் தங்க முடியுமா, இல்லை வீட்டிலிருந்து போய்வர வேண்டுமா? வருஷத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கட்ட முடியும்? பாடப்பிரிவு முக்கியமா, கல்லூரி முக்கியமா? அதாவது நல்ல கல்லூரியில் இரண்டாவது விருப்பப் பாடம், சுமாரான கல்லூரியில் முதல் விருப்பப் பாடம் என்று வந்தால் எதில் சேருவோம்?

இந்தப் பதில்களை வைத்து முதலில் கழிக்க வேண்டும். ஒத்துவராத மாவட்டங்கள், ஒத்துவராத கட்டணம், படிக்கவே விரும்பாத பாடப்பிரிவுகள் எல்லாம் போய்விட்டால் மிரட்டிய லிஸ்ட் கைக்கு அடக்கமாகிவிடும்.

அடுத்து முந்தைய ஆண்டு கட்-ஆஃப். இது நம் மதிப்பெண்ணுக்கு எந்தப் பகுதியில் இடம் கிடைக்க வாய்ப்பு என்று ஊகிக்க உதவும். அந்தப் பகுதியில் இருந்து போதுமான கல்லூரிகள் லிஸ்ட்டில் இருக்கிறதா என்று சரிபார்க்கவும் உதவும். ஆனால் வரிசையை மாற்றுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. போன வருஷம் கட்-ஆஃப் அதிகமாக இருந்தது என்பதற்காக உங்களுக்குப் பிடிக்காத கல்லூரி மேலே வந்துவிடக் கூடாது.

பிறகு வரிசை. மீதியுள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்து ஒப்பிட யாராலும் முடியாது. தேவையும் இல்லை. இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்: "இந்த ரெண்டும் இன்னைக்கே கிடைச்சா, எதுல போய்ச் சேருவேன்?" சீட்டுக்கட்டை அடுக்குவதுபோல, ஒவ்வொரு கல்லூரியையும் அதற்கு மேலே உள்ளதோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால் வரிசை தானாக வந்துவிடும்.

ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, மறுபடி ஒரு தடவை மேலிருந்து கீழே படித்துப் பார்த்து, நேரம் முடிவதற்குள் லாக் செய்ய வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள கலந்தாய்வு சேவை மையங்களில் உதவி கேட்கலாம். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் வழிகாட்டுகிறார்கள். டைப் அடிக்க பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் பேப்பரில் எழுதிய வரிசை நம்முடையதாக இருக்கட்டும், பாஸ்வேர்டும் ஓடிபியும் நம்மிடமே இருக்கட்டும்.

'போதும்' என்பதும் ஒரு கணக்குதான்

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். கல்லூரி முடித்து வேலைக்கு வந்தாச்சு. ஆனால் போன் வாங்குவது, ரூம் பார்ப்பது, இன்ஷூரன்ஸ் எடுப்பது, எஸ்ஐபி போடுவது என்று லிஸ்ட் மட்டும் முடியவே இல்லை. இங்கெல்லாம் நமக்காக வரிசையாக இறங்கிப் பார்க்க ஒரு கம்ப்யூட்டரும் கிடையாது. எங்கே நிறுத்துவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் இதைப் பற்றி 1950-களிலேயே எழுதினார். 1978-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். மனிதர்களிடம் எல்லா ஆப்ஷனையும் ஆராய நேரமும் இல்லை, தகவலும் இல்லை, அதற்கான மூளைத் திறனும் இல்லை. அதனால் 'இருப்பதிலேயே சிறந்தது' என்று தேடாமல், 'எனக்கு இவ்வளவு இருந்தால் போதும்' என்று முன்பே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டும் முதல் ஆப்ஷனை எடுத்துக்கொள்கிறார்கள் என்றார்.

இதைக் கேட்டதும் 'போதும் என்ற மனமே' பழமொழி ஞாபகம் வரலாம். ஆனால் இது கிடைத்ததை வைத்துத் திருப்திப்படுவது பற்றியது இல்லை. கோட்டை எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் போடலாம். தேட ஆரம்பிக்கும் முன்பே போட வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஷ்வார்ட்ஸும் ஐயங்காரும் சேர்ந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். வேலை தேடிய கல்லூரி மாணவர்களைப் பின்தொடர்ந்தார்கள். எல்லாவற்றையும் அலசி மிகச்சிறந்ததைத் தேடும் குணம் உள்ளவர்களுக்கு, 'இது போதும்' என்பவர்களைவிட ஆரம்பச் சம்பளம் சுமார் 20 சதவீதம் அதிகம் கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலையில் அவர்களின் திருப்தி குறைவாக இருந்தது. சம்பளம் கூடியது, கூடவே 'அங்கே போயிருக்கலாமோ' என்ற எண்ணமும் கூடியது.

20 சதவீதம் சாதாரண விஷயம் இல்லைதான். அதனால் எல்லா இடத்திலும் 'போதும்' என்று சொல்லத் தேவையில்லை. எதற்கு அலச வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

மூன்று பெட்டிகள்

சின்ன முடிவுகள்: சாப்பாடு, படம், ஆபீஸ் டிரஸ், சார்ஜர் கேபிள். தப்பாகிப் போனாலும் நாளைக்கே சரிசெய்துவிடலாம். இதற்கெல்லாம் நிரந்தர விதி போட்டுவிடுங்கள். வார நாட்களில் இரண்டே கடை. படம் தேட பத்து நிமிஷம், அதற்குள் கிடைக்கவில்லை என்றால் நண்பர் சொன்ன படம். நம் வீடுகளில் 'திங்கள் இட்லி, செவ்வாய் உப்புமா' என்று அம்மாக்கள் போட்டுவைத்த மெனுவும் இதே டெக்னிக்தான்.

நடுத்தர முடிவுகள்: போன், வண்டி, வாடகை வீடு. இங்கே கோடு தேவை. போன் என்றால் பட்ஜெட், பேட்டரி, கேமரா என்று மூன்றே மூன்று நிபந்தனை எழுதுங்கள். மூன்றையும் தாண்டும் முதல் இரண்டு மாடல்களோடு தேடலை நிறுத்திவிடுங்கள். வாங்கிய பிறகு ரிவ்யூ வீடியோ பார்ப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

வீடு பார்ப்பது கொஞ்சம் வேறு. திண்டிவனத்தில் இருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து ரூம் தேடியவர்களுக்குத் தெரியும், 'யோசிச்சுச் சொல்றேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் அந்த வீடு போயிருக்கும். இப்படி விட்டால் திரும்பக் கிடைக்காத ஆப்ஷன்களுக்குக் கணிதத்தில் ஒரு விதி இருக்கிறது. பார்க்கப்போகும் மொத்தத்தில் சுமார் 37 சதவீதத்தை வெறும் அளவுகோலாக மட்டும் பாருங்கள். பத்து வீடு பார்க்கும் திட்டம் என்றால் முதல் மூன்று, நான்கு. அதன்பிறகு, அதுவரை பார்த்த எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கும் முதல் வீட்டுக்கு உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். கண்டிப்பாக நல்லது அமையும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் இருப்பதிலேயே சிறந்ததைப் பிடிக்க வாய்ப்பு இதில்தான் அதிகம்.

பெரிய முடிவுகள்: படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். இங்கே நேரம் செலவழிப்பது வீண் இல்லை. சாய்ஸ் லிஸ்ட்டுக்குச் சொன்ன அதே வழிதான். முதலில் பேப்பர், பிறகு கழித்தல், பிறகு இரண்டிரண்டாக ஒப்பிடுதல்.

இதோடு இன்னொன்று. நாம் முடிவெடுக்காமல் விட்டால் நமக்காக வேறு யாரோ எடுத்த முடிவு அமலுக்கு வந்துவிடும். 2023-24 நிதியாண்டு முதல், பழைய வருமான வரி முறை வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் புதிய முறைதான் உங்களுக்குப் பொருந்தும். ஹெச்ஆர் அனுப்பும் அந்த மெயிலை 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுக்கிவைப்பதும் ஒரு தேர்வுதான். அது உங்களுக்கு லாபமாகவும் இருக்கலாம், ஆனால் தெரிந்து ஒதுக்குவது வேறு, தெரியாமல் விடுவது வேறு.

எப்போதும் 'அப்வேர்டு' பட்டனில் கைவைத்தபடி...

பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி வரும். கிடைத்ததை ஏற்றுச் சேர்ந்துவிடலாம். அல்லது ஏற்றுக்கொண்டு, லிஸ்ட்டில் மேலே உள்ள கல்லூரியில் இடம் காலியானால் கொடுங்கள் என்று காத்திருக்கலாம். மாணவர்கள் இதை 'அப்வேர்டு' என்கிறார்கள். நல்ல வசதி. முக்கியமாக, அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது.

நம் வாழ்க்கையில் அந்தக் கடைசித் தேதி இல்லை. வேலையில் சேர்ந்த மறுநாளே வேலைவாய்ப்பு ஆப்பில் அலர்ட் வைக்கிறோம். போன் வாங்கிய வாரமே அடுத்த மாடலின் விலையைப் பார்க்கிறோம். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, எல்லாவற்றிலும் அப்வேர்டு கொடுத்து வைத்திருக்கிறோம்.

இதற்கு ஒரு விலை உண்டு. டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஹார்வர்டு மாணவர்கள் தாங்கள் எடுத்த புகைப்படங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. சிலருக்கு, சில நாட்களுக்குள் மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி கொடுத்தார்கள். சிலருக்கு எடுத்தது எடுத்ததுதான். மாற்ற வழியில்லாதவர்கள்தான் தங்கள் படத்தை அதிகம் விரும்பினார்கள். மாற்றிக்கொள்ளும் வசதியால் திருப்தி குறையும் என்று மாணவர்கள் எதிர்பார்க்கவே இல்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

ஆகவே பெரிய முடிவு எடுத்தால் அதற்கு நீங்களே ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் ஒரு வருஷம், அதுவரை அலர்ட் ஆஃப். அதற்குப் பிறகு மறுபடி யோசிக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடிய ஒரு உதவி

இதைப் படிக்கும் பலர் இந்தக் கலந்தாய்வு வழியாகத்தான் வேலைக்கு வந்திருப்பீர்கள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், இந்த வருஷம் பிளஸ் டூ முடிக்கும் ஒரு தம்பியோ தங்கச்சியோ கண்டிப்பாக இருப்பார்கள். 'இந்த காலேஜ் போடு, அந்த குரூப் எடு' என்று அவர்களுக்குச் சொல்ல ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது வேறு.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கம்ப்யூட்டர் எப்படி மேலிருந்து கீழே படிக்கும் என்று விளக்குங்கள். பிடித்ததை முதலில் போட்டால் எதுவும் வீணாகாது என்று சொல்லுங்கள். பிறகு இரண்டு கல்லூரிப் பெயர்களை எழுதி, "ரெண்டும் கிடைச்சா எதுல சேருவே?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல நேரமானால் பரவாயில்லை, காத்திருங்கள். பதிலை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.